சுண்டெலியின் பயமும் மந்திரக் கல்லும்

சுண்டெலிக்கு ஆந்தை எமன். அந்த ஆந்தையிடமே யோசனை கேட்கப் போகிறாள் மிசஸ் பிரிஸ்பி. மரப்பொந்துக்குள் ஒட்டடை திரை திரையாகத் தொங்குகிறது. நைந்துபோன சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கிறாள். பின்னாலேயே ஒரு பெரிய சிலந்தி பதுங்கி வருவது அவளுக்குத் தெரியாது. இருட்டிலிருந்து ஆந்தையின் கால் நீண்டு அதை நசுக்குகிறது. உடம்பெல்லாம் நடுங்கினாலும் அவள் வந்த காரியத்தைச் சொல்கிறாள். மகன் திமத்தி நிமோனியாவில் கிடக்கிறான். குளிர்காற்றில் அவனை வெளியே தூக்கினால் உயிர் தங்காது. வயலிலுள்ள வீட்டிலேயே வைத்திருந்தால், உழவு தொடங்கும் நாளில் வீட்டோடு போய்விடுவான்.

1982இல் வெளிவந்த ‘தி சீக்ரெட் ஆஃப் நிம்’ படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தப் பயத்துக்காகத்தான். ‘பாம்பி’ முதல் எத்தனையோ அனிமேஷன் படங்களில் பிள்ளையின் கதை நகர்வதற்காக அம்மா இறந்துபோகிறாள். இங்கே கணவனை இழந்த, நான்கு பிள்ளைகளின் தாய்தான் கதாநாயகி. அவளிடம் ஆயுதம் இல்லை, பலம் இல்லை. எலிசபெத் ஹார்ட்மன் தந்த குரலில் ஒரு மூச்சிரைப்பு இருக்கிறது. அந்தப் பாத்திரத்தின் பாதி உயிர் அதில்தான்.

இதை இயக்கிய டான் பிளூத், 1979 செப்டம்பரில் டிஸ்னியை விட்டு வெளியேறியவர். கேரி கோல்ட்மேன், ஜான் பொமராய் உட்பட ஒரு கலைஞர் கூட்டமே அவரோடு கிளம்பியது. செலவைக் குறைக்கிறோம் என்று பழைய கைவேலையின் நுணுக்கங்களை ஸ்டுடியோ கைவிடுகிறது என்ற ஆதங்கம் அவர்களுக்கு. அந்த ஆதங்கத்தின் பதில் இப்படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. ஆந்தையின் கண்கள் ஒளிர்வது வெறும் மஞ்சள் பெயின்டால் அல்ல. படச்சுருளில் பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சி எடுத்த ஒளி அது. பகலில் ஒரு நிறம், விளக்கடியில் ஒரு நிறம், இரவில் ஒரு நிறம் என்று பிரிஸ்பிக்கே தனித்தனி வண்ணக் கலவைகள் செய்திருக்கிறார்கள். அதுவரை அனிமேஷனுக்கு இசையமைத்திராத ஜெர்ரி கோல்ட்ஸ்மித், பெரியவர்களின் படத்துக்குத் தரும் அதே கனத்தோடு இதற்கும் இசை தந்தார்.

சுமார் 70 லட்சம் டாலரில் எடுத்த படம். ‘ஈ.டி.’ திரையரங்குகளை நிறைத்திருந்த அதே கோடையில் வந்ததால் போதிய கவனம் பெறாமலே போனது. அது இப்படத்தின் குற்றமல்ல. இதன் குறை கதைக்குள்ளேயே இருக்கிறது.

மூலக்கதை ராபர்ட் சி. ஓ’பிரையன் 1971இல் எழுதி, மறு ஆண்டு நியூபெரி விருது பெற்ற நாவல். நிம் என்பது அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தின் சுருக்கப் பெயர். அங்கே ஊசி போடப்பட்ட எலிகளுக்கு அறிவு வளர்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்து, கூண்டைத் திறந்து தப்பிக்கின்றன. பண்ணையாரின் மின்சாரத்தைத் திருடி, ரோஜாச் செடியின் அடியில் விளக்கெரிய வாழ்கின்றன. அறிவு வந்த பிறகு திருடிப் பிழைப்பது சரியா? சொந்தமாக உழுது சாப்பிட வேண்டும் என்று ஒரு கூட்டம் துடிக்கிறது. ஒரு குழந்தையோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசக்கூடிய கேள்வி இது. படம் இதைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஜென்னர் என்ற எலியை வாளேந்திய வில்லனாக்கி, விவாதத்தை ஒரு சண்டைக்காட்சியில் முடித்துக்கொள்கிறது. எலிகள் தேடிப்போகும் புதிய பள்ளத்தாக்கைக்கூட நாம் பார்ப்பதில்லை.

அதைவிடப் பெரிய சறுக்கல், படத்தில் பிரிஸ்பியிடம் இருக்கும் சிவப்பு மந்திரக் கல். நாவலில் மந்திரக் கல் கிடையாது. எலிகள் தங்கள் பொறியறிவால்தான் சுண்டெலியின் வீட்டை நகர்த்துகின்றன. படத்திலோ பிள்ளைகளோடு வீடு சேற்றில் அமிழும்போது கல் ஒளிர்கிறது, வீடு தானாக மேலெழுகிறது. பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஆந்தையின் பொந்துக்குள் நடந்தவள், பூனையின் சாப்பாட்டில் மயக்கப் பொடி கலந்தவள், அதற்காகப் பிடிபட்டுப் பறவைக் கூண்டில் அடைபட்டவள் கடைசி நிமிடத்தில் கல்லுக்குக் கருவியாகிவிடுகிறாள். துணிந்தவருக்கே கல் விழிக்கும் என்று படம் சமாதானம் சொல்கிறது. அந்தத் துணிவைத்தான் ஒரு மணி நேரமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோமே, அதற்குக் கல்லின் சான்றிதழ் எதற்கு?

ரத்தமும் சாவும் உண்டு என்பதால், மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டத் தயங்குவேன். எட்டு, ஒன்பது வயதில் பக்கத்தில் உட்கார்ந்து காட்டலாம். என் மகளுக்கு அப்படித்தான் காட்டினேன். கல் வரும் காட்சியில் அவள் கைதட்டினாள். ஆனால் மறுநாள் அவள் கேட்டது டிராக்டர் காட்சியைப் பற்றி.

உழவு எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. வீட்டை நோக்கி வரும் டிராக்டரை நிறுத்த பிரிஸ்பி தாவி ஏறுகிறாள். ஏறியவள் அச்சத்தில் உறைந்து, எதையும் செய்ய முடியாமல் தொங்குகிறாள். இயந்திரத்தை நிறுத்துவது பக்கத்து வீட்டு மூஞ்சூறு அத்தைதான். பிறகு தன்னால் ஆகவில்லையே என்று பிரிஸ்பி தேம்பித் தேம்பி அழுகிறாள். “அம்மாகூட அப்படி பயப்படுவாங்களா?” என்றாள் மகள். அழுகை முழுதாக அடங்குமுன்பே பிரிஸ்பி ஒரு காக்கையின் முதுகில் ஏறி, ஆந்தையைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறாள்.