தொழுவத்துப் பன்றியும் ஏட்டுப் பன்றியும்

சிறுவர் கதைகளிலே விலங்குகள் பேசுதல் பழைய மரபு. பஞ்சதந்திரத்துச் சிங்கமும் நரியும் அரசியல் பேசுகின்றன. ஆயின் அவை காட்டிலே பிறந்தவையல்ல. நீதி புகட்டும் பொருட்டு மனிதர் அணிந்த முகமூடிகளே. அது குறையன்று, அக்கதைகளின் நோக்கமே அதுதான். இவற்றின் வேறாக, ஆசிரியர் தம் மனையிலும் பண்ணையிலும் வளர்த்த விலங்கே கதைமாந்தராகும் வகையொன்று மேனாட்டு இலக்கியத்தில் உண்டு. அத்தகைய கதைக்கு மெய்யான விலங்கு வழங்குவது யாது? உருவமும் நடையும் மட்டுந்தானா? பன்றியை நாயகனாகக் கொண்ட இரு கதைகள் இவ்வினாவிற்கு விடை தருவன. முயல் செல்லப்பிராணியாக வாழ்ந்து முடியலாம். பண்ணைப் பன்றியோ கொல்லுதற்கென்றே ஊட்டி வளர்க்கப்படுவது. அன்பும் கொலையும் ஒரே தொழுவத்தில் நிற்கும் நிலை அது.

முதலாமவர் பியற்றிக்ஸ் பொற்றர் (1866–1943). இலண்டனில் இளமையைக் கழித்த இவ்வம்மையார், பீற்றர் எனப் பெயரிட்டு ஒரு முயலை வளர்த்து, அதன் ஒவ்வோர் அசைவையும் வரைந்து பழகினார். 1893 இல் நோயுற்றிருந்த சிறுவன் ஒருவனுக்கு அவர் படங்களுடன் எழுதிய கடிதமே, 1902 இல் நூலாக வெளிவந்து உலகப் புகழ் பெற்ற பீற்றர் முயலின் கதைக்கு வித்து. அம்முயல் சட்டையும் காலணியும் அணிந்தது. ஆயினும் உயிருக்கு அஞ்சி ஓடும்போது அவற்றை இழந்து நாலுகாலிற் பாய்கின்றது. ஆடை கற்பனை, பாய்ச்சல் கண்டறிந்த உண்மை. அதன் தந்தை தோட்டக்காரர் வீட்டுச் சமையலுக்கு இரையான செய்தியையும் அம்மையார் தொடக்கத்திலேயே ஒளிவின்றிக் கூறிவிடுகின்றார்.

1905 இல் அவர் இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் ஹில் டொப் என்னும் பண்ணையை வாங்கினார். அங்கே பன்றிகள் வளர்த்து விற்கப்பட்டன. கரிய பன்றிக்குட்டியொன்றைப் பண்ணை மேற்பார்வையாளர் நல்லினத்ததன்று என ஏற்க மறுக்க, அம்மையார் தம் படுக்கையருகே கூடையில் வைத்துப் புட்டியிற் பாலூட்டி வளர்த்தார். 1913 இல் வந்த ‘பிக்லிங் பிளாண்டின் கதை’யில் அக்குட்டியே பிக்-விக் ஆயிற்று. கதையில் அது கொல்லப்படவிருக்கும் வேளையில் நாயகனோடு தப்பி, எல்லைப் பாலத்தைக் கடந்து மறைகின்றது. இனிய முடிவுதான். எனினும் பன்றிகளைச் சந்தைக்கு அனுப்பிய கையே இதனை எழுதிற்று என்பதை எண்ணுங்கால், இவ்விடுதலை சற்று எளிதிற் கிட்டியதாகவே தோன்றுகின்றது. அதற்காக எவரும் எதனையும் இழக்கவில்லை.

இரண்டாமவர் அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. வைற் (1899–1985). மேய்ன் மாநிலத்துப் பண்ணையொன்றில் வாழ்ந்த இவர், வசந்தத்திற் பன்றிக்குட்டியை வாங்கி, கோடை முழுதும் ஊட்டி, குளிர் வந்ததும் கொல்லும் வழக்கத்தைப் பின்பற்றியவர். 1947 இல் அவ்வாறு வளர்த்த பன்றியொன்று நோயுற்றது. கொல்லவேண்டியவரே மருந்தூட்டினார், விலங்கு மருத்துவரை அழைத்தார், நோயாளியின் அருகே கண்விழித்தார். பன்றி இறந்தது. இறைச்சியின் இழப்பன்று, ஓருயிரின் துன்பமே தம்மை வருத்தியதென அவர் உணர்ந்தார். ‘ஒரு பன்றியின் மரணம்’ என்னும் அவர் கட்டுரை 1948 இல் அற்லான்ரிக் மாத இதழில் வெளிவந்தது.

நான்கு ஆண்டுகளின் பின், 1952 இல், ‘சார்லொற்றின் வலை’ வெளிவந்தது. அதில் வில்பர் என்னும் பன்றி கொலைக்குத் தப்புகின்றது. சாவுக்கென்றே வளரும் பன்றிமீது இரக்கம் பிறந்தமையால் அதனைக் காக்கும் வழியைச் சிந்திக்கலானதாக வைற் கூறியுள்ளார். தொழுவத்திற் காக்க இயலாததை அவர் ஏட்டிலே காத்தார். இவ்வளவோடு நின்றிருப்பின், இதுவும் ஆறுதற் கற்பனையாகவே முடிந்திருக்கும்.

இங்கேதான் இரண்டாவதோர் உயிர் கதையுட் புகுகின்றது. வைற் தம் களஞ்சியத்திற் சாம்பனிறச் சிலந்தியொன்று முட்டைப்பை நெய்வதைக் கண்டார்; அப்பையைச் சிறு பெட்டியில் இட்டு நியூ யோர்க் நகருக்கு எடுத்துச் சென்றார். குஞ்சுகள் வெளிவந்து அவரது அறையிலே வலை பின்னின. சிலந்திகளைப் பற்றிய அறிவியல் நூல்களையும் அவர் கற்றார். வலையிற் சொற்களை நெய்து வில்பரைக் காக்கும் சார்லொற் இவ்வாறு பிறந்தது. முட்டையிட்ட சிலந்தி குளிர்காலத்தைக் காணாது இறத்தல் இயற்கை. சொல் நெய்யும் வல்லமையை அதற்கு அளித்த ஆசிரியர், சாவிலிருந்து அதனை விடுவிக்கவில்லை. அது சந்தைத் திடலிலே துணையின்றி இறக்கின்றது. அதன் முட்டைப்பையைப் பன்றி இல்லம் சேர்க்கின்றது.

அகப்பொருட் பாடலுக்கு நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இயைந்த நெறியைத் தொல்காப்பியர் வகுத்தார். அவ்வளவுகோல் இக்கதைகளுக்கும் பொருந்துவதே. பன்றி பிழைத்தது நாடக வழக்கு. சிலந்தி மடிந்தது உலகியல் வழக்கு. முன்னதைப் பின்னது தாங்குதலாலேயே சிறுவர் அதனை நம்புகின்றனர். பொற்றரின் முயற்கதையில் இவ்வியைபு உண்டு. பன்றிக்கதையில் அது தளர்கின்றது. சிறுவரிடம் சாவைப் பேசலாகாது என்பார் உளர். எனினும் கோழியும் ஆடும் வளரும் மனையிலே சிறுவர் அதனை முன்னரே கண்டறிவர். கண்டதை மறைக்கும் கதை அவர்களைத் தனிமையில் விடுகின்றது.

ஆகவே மெய்யான விலங்கு எழுத்தாளருக்கு உருவத்தை மட்டும் வழங்குவதில்லை. தீராக் கடனொன்றையும் சுமத்துகின்றது. 1970 இல் இந்நூலை ஒலிப்பதிவுக்காக வாசித்தபோது, சார்லொற் இறக்கும் பகுதியில் வைற்றின் குரல் மீண்டும் மீண்டும் தழுதழுத்ததாக ஒலிப்பதிவு செய்தவர் கூறியுள்ளார். தாமே எழுதிய சாவுக்கு, எழுதிப் பல்லாண்டின் பின்னும், அவர் கலங்கினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. ஏட்டுப் பன்றியும் கறிக்கு உதவாது. அதன் பெருமையும் அதுவே.