கெடாவில் ஒரு புற்று

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் வசையாகத்தான் சொல்கிறோம். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பால் பைத்தானுக்கோ அதுவே வாழ்க்கை. கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் பகலைக் கழிக்கும் பிராணி அது. சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்துத் தாமான் வீடுகளில் அதை வளர்ப்பவர்கள் செய்யும் பெட்டிகளை மதிப்பிட என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான்: உள்ளே புற்று இருக்கிறதா?

நாலு பக்கமும் கண்ணாடி, நீல விளக்கு, பிளாஸ்டிக் கொடி என்று அலங்கரித்த தொட்டி வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கானது. பாம்பு ஒளிய வழியின்றி மூலையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கும். தேர்ந்த கை செய்த பெட்டி பார்க்கச் சப்பென்று இருக்கும். மூன்று பக்கமும் மறைப்பு, முன்புறம் பூட்டுள்ள கதவு, தரையில் தேங்காய் நார்த்தூள், கவிழாத தண்ணீர்க் கிண்ணம். அழகெல்லாம் ஒளிவிடத்தில்தான். குட்டிக்கு வாசல் வெட்டிய சிரட்டை போதும். வளர்ந்ததற்கு, விளிம்பை உப்புத்தாளால் மழமழப்பாக்கிய மண்சட்டியைக் கவிழ்க்கலாம். சுருண்டு படுத்தால் உடம்பு சுற்றுச்சுவரைத் தொட வேண்டும். தாராளமான இடம் அதற்குப் பிடிக்காது. சட்டியும் ஒன்று போதாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே இருந்தால் பாம்பு கதகதப்பை விட்டு மறைவைத் தேடும். பிறகு தின்ற எலி சரியாகச் செரிக்காது.

சூடான பக்கம் 31, 32 பாகை செல்சியஸ், மறுபக்கம் 26. கெடா வெயில் இதில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இரவுக்கு ஒரு முனையில் மட்டும் சூட்டுத்தகடு, அதுவும் தெர்மோஸ்டாட் இல்லாமல் கூடவே கூடாது. லயத்து வீட்டில் தகரக் கூரையின் மத்தியான வெக்கையே பெரிய ஆபத்து; பெட்டியை வெயில் படாத உள்சுவரோரம் தாழ்வாக வையுங்கள்.

ஈரப்பதம் 60 முதல் 80 விழுக்காடு வரை வேண்டும். மழை மாதங்களில் கவலையில்லை. கித்தா மரம் இலையுதிர்க்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் வளர்ப்பவரின் கைத்திறன் தெரியும். அப்போது உரித்த சட்டையைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கிழியாமல் ஒரே துண்டாக, தலைப்பக்கம் கண்ணை மூடியிருந்த இரண்டு வட்டச் சில்லுகளும் ஒட்டியிருந்தால் அது முதல்தரமான வீடு. துண்டு துண்டாக வந்திருந்தால் எத்தனை வெள்ளி செலவழித்திருந்தாலும் தேறாது.

எல்லாப் பாம்புக்கும் புற்று பொருந்தாது. பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளைகளில் அசையாமல் கிடக்கும் பச்சை விரியன்கள் மரவாசிகள். விஷமுள்ள அவை வீட்டு வளர்ப்புக்கு ஆகாது.

செம்பனைத் தோட்டத்தில் கண்ட மலைப்பாம்பைச் சாக்கில் கட்டி வருவதும் வேண்டாம். ஆறு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய அதற்கு எந்தப் பெட்டியும் போதாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமின்றி அதை வைத்திருப்பது குற்றம். பால் பைத்தானை வாங்கி வளர்க்க ஆசையிருந்தால் முதலில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிமம் பற்றிக் கேளுங்கள். பெட்டியை அதற்குப் பிறகு செய்யலாம்.