வகுக்கும் எண்ணில் இல்லாதவள்

ஒரு உயிரை நலமாக ஓராண்டு நீட்டிக்க எவ்வளவு செலவாகும்? மருத்துவப் பொருளாதாரம் இதற்கு ஒரு வகுத்தல் கணக்கு வைத்திருக்கிறது. மேலே செலவு, கீழே சிகிச்சையால் கூடும் ஆண்டுகள். மாரடைப்புத் தடுப்பில் நடுவயதுப் பெண்ணுக்கு இந்த விடை பெரும்பாலும் ஆணைவிடப் பெரிதாக வருகிறது. அதாவது அவள் 'செலவு கூடியவள்'. தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எண்ணும் ஒரு பிரதிதான். அது எதை எழுதாமல் விட்டது என்று பார்க்கிற வேலை.

கணக்கே பொய் என்று நான் சொல்லவில்லை. நடுவயதில் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு. ஒன்றைத் தடுக்க அதிகம் பேருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். சரி. ஆனால் கீழே இருக்கிற எண் எங்கிருந்து வந்தது? ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்காவில் சோதித்து 1989இல் முடிவு வெளியிட்டார்கள். 22,071 மருத்துவர்கள், அத்தனை பேரும் ஆண்கள். பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2005இல்தான் வந்தது. 39,876 பெண்களில், மொத்தமாகப் பார்த்தால் மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் 17 சதம் குறைந்தது. ஆணுடலின் விடையை அப்படியே பெண்ணுடலுக்குப் பெயர்க்க முடியாது என்று தெரிய 16 வருஷம்.

ஐசக் பாஷெவிஸ் சிங்கரின் கதையில் யென்டில் என்ற யூதப் பெண் வேதம் படிக்க ஆண்வேடம் போடுகிறாள். 1991இல் இதய மருத்துவர் பெர்னடீன் ஹீலி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். ஆணைப் போலவே நோயைக் காட்டி நிரூபித்தால்தான் பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை என்பதே அவர் சொன்ன 'யென்டில் நோய்க்குறி'. இது உருவகம் மட்டுமல்ல. மாரடைப்பை இரத்தத்தில் காட்டும் புரதம் ட்ரோபோனின். மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த பெண்களை, பொது வரம்பை விட்டு, பெண்களுக்கான தாழ்ந்த வரம்பால் எடின்பரோ மருத்துவர்கள் அளந்தார்கள். மாரடைப்பு உறுதியானவர்கள் 11 சதத்திலிருந்து 22 சதமானார்கள். 2015இல் வெளியான முடிவு இது.

கண்டறியப்படாத மாரடைப்பு, கணக்கைப் பொறுத்தவரை நிகழாத மாரடைப்பு. நிகழாததைத் தடுப்பதில் என்ன பயன் இருக்கும்? முதலில் அவளைப் பார்க்காமல் விடுவது, பிறகு அவளால் பயன் குறைவு என்பது. அதிகாரம் இங்கே மிரட்டுவதில்லை, வகுக்கிறது.

மேலே இருக்கிற எண்ணும் இயற்கையானதல்ல. கொழுப்பைக் குறைக்கும் லிப்பிட்டர் மாத்திரையின் காப்புரிமை அமெரிக்காவில் 2011இல் முடிந்தது. மற்ற கம்பெனிகளும் தயாரிக்க, விலை விழுந்தது. நேற்றுவரை 'கட்டுப்படியாகாதவர்கள்' கட்டுப்படியானார்கள். அவர்கள் உடலில் எதுவும் மாறவில்லை, ஏகபோகம்தான் போயிற்று.

எனவே செலவு-பயன் அட்டவணையை யாராவது நீட்டினால், விடையை அப்புறம் பார்க்கலாம். இந்தப் பயனை அளந்தபோது பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை முதலில் கேட்போம்.