வட்டத்துக்கு வெளியே: நிலையம் சார்ந்த நகர வளர்ச்சியை அளக்கும் முறைகள் மீதான ஒரு மதிப்பீடு

பொதுப் போக்குவரத்து நிலையங்களை மையமாகக் கொண்டு நகரை வளர்த்தல் என்னும் கருத்து, பீட்டர் கால்தார்ப் 1993இல் வெளியிட்ட நூலின் வழியே பரவலாயிற்று. அவ்வளர்ச்சி நீடித்ததா என அளக்கும் முறைகள் தொடர்ந்து உருவாயின. ராபர்ட் செர்வெரோவும் காரா காக்கல்மனும் 1997இல் அடர்த்தி, பயன்பாட்டுப் பன்மை, வடிவமைப்பு என மூன்று கூறுகளை முன்வைத்தனர். லூகா பெர்டோலினியின் மாதிரி, நிலையத்தைப் போக்குவரத்துக் கணுவாகவும் மக்கள் புழங்கும் இடமாகவும் கொண்டு, இரண்டுக்கும் இடையிலான சமநிலையை ஆராய்கிறது.

இவ்வளவைகள் பயனுடையவை, ஆயினும் இவற்றின் அடிப்படையிலேயே ஒரு குறை உண்டு. நிலையத்தைச் சுற்றி நடந்து செல்லும் தொலைவில் ஒரு வட்டம் வரையப்படுகிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கை இதனை 500 முதல் 800 மீட்டர் எனக் கொள்கிறது. வட்டத்துக்குள் இன்றிருப்பவை எண்ணப்படுகின்றன. அங்கிருந்து அகற்றப்பட்டோர் கணக்கில் வருவதில்லை.

சென்னையின் பறக்கும் ரயில் தடம் இதற்குச் சான்றாகும். 1995இல் இயங்கத் தொடங்கி 2007இல் வேளச்சேரியை எட்டிய இத்தடத்தின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மீதும் அமைந்துள்ளது. ரயில் தடம், கால்வாய்ச் சீரமைப்பு முதலிய காரணங்களால் கரையோரக் குடும்பங்கள் பல கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. இவ்விடங்கள் இத்தடத்தின் எந்த நிலையத்துக்கும் நடந்து செல்லும் தொலைவில் இல்லை. முன்பு நடந்தே வேலைக்குச் சென்றவர் இன்று நெடுந்தொலைவு பேருந்தில் செல்ல நேர்ந்தாலும், அப்பயணம் பழைய நிலையத்தின் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. மாறாக, குடிசைகள் இருந்த இடத்தில் உயர்ந்த கட்டடம் எழுந்தால், தளப்பரப்பைக் கொண்டு கணிக்கப்படும் அடர்த்தி கூடுகிறது; அங்கு வாழ்வோர் தொகை குறைந்திருந்தாலும் மதிப்பெண் உயர்கிறது. இழப்பே இங்கு முன்னேற்றமாகப் பதிவாகிறது.

தேசியக் கொள்கை எளியோர்க்கான வீட்டுவசதியையும் வலியுறுத்துகிறது என்பது உண்மையே. எனினும் வீடுகளின் எண்ணிக்கை, முன்பு அங்கு வாழ்ந்தவர் தொடர்ந்து வாழ்கின்றனரா என்பதைக் காட்டாது. ஆகவே இரண்டு அளவைகள் சேர்க்கப்பட வேண்டும். ஒன்று, திட்டத் தொடக்கத்தில் வட்டத்துக்குள் வாழ்ந்த குடும்பங்களுள் எஞ்சியிருப்போரின் விகிதம். மற்றொன்று, வெளியேறியோரின் இன்றைய பயண நேரமும் செலவும். மறுகுடியமர்வின்போது வீட்டு ஒதுக்கீட்டுக்காகக் குடும்பங்கள் பதிவு செய்யப்படுவதால், இவ்வாய்வுக்கான தொடக்கத் தரவு முற்றிலும் இல்லாத ஒன்றன்று. இவ்விரண்டையும் விடுத்த அளவீடு கட்டடங்களின் செறிவைக் காட்டலாம். நகர வளர்ச்சி எவருக்காக நீடிக்கிறது என்பதைக் காட்டாது.