இணைப்பின் நிறமும் வாசகனின் உரிமையும்: கணினி ஆவணத் தளங்கள் பற்றிய ஒரு நோக்கு

அச்சு நூலின் தோற்றத்தைத் தீர்மானிப்பவன் வாசகன் அல்லன். எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடைப்பட்ட வெளி, அடிக்குறிப்பின் இடம் ஆகிய யாவும் அச்சகத்திலேயே முடிவாகிவிடுகின்றன. மூலத்தைத் தடித்த எழுத்திலும் உரையைச் சிற்றெழுத்திலும் அமைத்த பதிப்பொன்றைக் கையிலெடுக்கும் மாணவன் அவ்வமைப்பை ஏற்றுக்கொண்டே படிக்கவேண்டியவனாகின்றான். கணினித் திரையிலோ நிலைமை வேறு. அங்கு பக்கமானது ஒவ்வொரு முறையும் வாசகனுடைய கருவியிலேயே புதிதாக வரையப்படுகின்றது. ஆகவே அதன் தோற்றத்தில் வாசகனுக்கும் பங்குண்டு என்பது அவ்வூடகத்தின் இயல்பிலிருந்தே பெறப்படுவதாகும். அப்பங்கு இன்று எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை, கணினி மொழிகளையும் மென்பொருள்களையும் விளக்கும் ஆவணத் தளங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு உரைகல்லாக இணைப்பின் நிறத்தை எடுத்துக்கொள்கின்றோம்.

ஆவணத் தளங்களைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணமுண்டு. நாவலைப் போலவோ நாளிதழைப் போலவோ அவை படிக்கப்படுவதில்லை. ஒரு கட்டளையின் பொருளைத் தேடிச் செல்லும் மாணவன் அதன் விளக்கத்திலிருந்து இன்னொரு வரைவிலக்கணத்துக்கும், அங்கிருந்து ஓர் எடுத்துக்காட்டுக்கும் தாவி, மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துசேர்கின்றான். இப்பயணத்தில் இணைப்பு அவனுக்கு இரு செய்திகளைச் சொல்கின்றது. இங்கே ஒரு வழியுண்டு என்பது முதலாவது. இவ்வழியால் நீ முன்னரே போய்வந்தாய் என்பது இரண்டாவது. முதலாவது பனுவலைப் பற்றியது. இரண்டாவது வாசகனைப் பற்றியது. எழுதியவருக்குத் தெரியாத, தெரிந்திருக்கவும் கூடாத, வாசகனுடைய தனிப்பட்ட நினைவே பார்த்த இணைப்பின் நிறமாகத் திரையில் வெளிப்படுகின்றது. எனவே அந்நிறத்தை யார் தீர்மானிப்பது என்னும் வினா வெறும் அலங்காரம் பற்றியதன்று.

இவ்வினாவின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். ரிம் பேர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டில் சேர்ன் ஆய்வுநிலையத்தில் முதல் உலாவியை எழுதியபோது, பக்கத்தின் தோற்றம் பெரும்பாலும் வாசகனுடைய கருவியையே சார்ந்திருந்தது. 1993இல் வெளிவந்த மொசாயிக் உலாவி நீல நிறத்தையும் அடிக்கோட்டையும் பரவலாக்கிற்று. 1995இல் நெற்ஸ்கேப் உலாவி, இணைப்பின் நிறத்தைப் பக்கத்தை எழுதுபவரே விதிப்பதற்கு வழிசெய்தது. 1997 ஜனவரியில் வெளியான எச்.ரி.எம்.எல். 3.2 நியமம் அவ்வழக்கத்தை அங்கீகரித்தது. அதிகாரம் வாசகனிடமிருந்து எழுதுபவரிடம் கைமாறிய கதையின் தொடக்கம் இதுவே.

இக்கைமாற்றத்துக்கு மாறான சிந்தனையொன்றும் அக்காலத்திலேயே எழுந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஹாக்கன் வியும் லீ 1994 ஒக்டோபரில் முன்வைத்த பாணித்தாள் முன்மொழிவு, எழுதுபவரும் வாசகரும் பக்கத்தின் தோற்றத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று கருதியது. ஒவ்வொரு விதியின் செல்வாக்கும் நூற்றுவீதத்தாற் குறிக்கப்பட்டு, இரு தரப்பு விருப்பங்களும் ஒன்றோடொன்று கலக்கப்படும் என்பது அதன் கருத்து. 1996 டிசெம்பரில் நியமமாக வந்த பாணித்தாளின் முதல் வடிவத்தில் அந்நூற்றுவீதம் இடம்பெறவில்லை. இருவரும் தத்தம் விதியை 'முக்கியம்' எனக் குறித்தாலும் எழுதுபவருடையதே வெல்லும் என அது விதித்தது. 1998 மே மாதத்தில் வந்த இரண்டாம் வடிவம் இதனைத் தலைகீழாக மாற்றி, 'முக்கியம்' எனக் குறிக்கப்பட்ட வாசக விதிக்கே முதன்மை வழங்கிற்று. ஆகவே சட்டத்தின்படி இறுதிச் சொல் இன்றும் வாசகனுடையதே. ஆனால் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமைகள் யாவும் நடைமுறையில் கைக்கு எட்டுவனவல்ல.

1997 டிசெம்பரில் வெளியான எச்.ரி.எம்.எல். 4.0, ஒரே பக்கத்துக்குப் பல மாற்றுப் பாணித்தாள்களை இணைத்து, அவற்றுள் ஒன்றை உலாவி மூலம் வாசகன் தெரிவுசெய்ய இடமளித்தது. பயர்பொக்ஸ் உலாவி அத்தெரிவுக்கான பட்டியை இன்றும் வைத்திருக்கின்றது. ஆயினும் அடுத்த பக்கத்துக்குச் சென்றதும் அத்தெரிவை அது மறந்துவிடுகின்றது. குரோம் உலாவியோ அத்தகைய பட்டியைத் தருவதில்லை. வாசகன் தானே எழுதிய பாணித்தாளை ஏற்கும் வசதியையும் அது 2014இல் நீக்கிவிட்டது. உலாவிகள் கைவிட்ட இப்பணியைத் தளங்கள் தாமே மேற்கொண்டன. திரையின் மேற்புறத்தில் ஒரு சிறு குறி. அதனை அழுத்தினால் தோற்றங்களின் பட்டியல் விரியும். 2019ஆம் ஆண்டளவில், வாசகனுடைய கணினி ஒளித்தோற்றத்தை விரும்புகின்றதா, இருள்தோற்றத்தை விரும்புகின்றதா என அறியும் வசதி உலாவிகளிற் பரவியதும், இத்தகைய பட்டிகள் ஆவணத் தளங்களின் பொது அணிகலனாயின.

இவ்வணிகலன் வாசகனுக்கு உண்மையில் எதனை அளிக்கின்றது? ரஸ்ட் மொழியின் பாடநூலை உருவாக்கப் பயன்படும் எம்டிபுக் கருவியை எடுத்துக்கொள்வோம். லைற், ரஸ்ட், கோல், நேவி, ஆயு என ஐந்து தோற்றங்களை அது வாசகன் முன் வைக்கின்றது. ஆயினும் அதன் இயல்பான பாணித்தாள், பார்த்த இணைப்புக்கும் பாராத இணைப்புக்கும் ஒரே நிறத்தையே விதிக்கின்றது. ஐந்து ஆடைகளுள் எதனை அணிந்தாலும் பக்கம் வாசகனை நினைவில் வைத்திருப்பதில்லை. அம்மொழியின் நூலகங்களுக்கான ஆவணங்களை உருவாக்கும் ரஸ்ட்டொக் கருவியிலோ நிறம் வேறொரு பணிக்கு அமர்த்தப்பட்டுள்ளது. இணைப்பு எவ்வகைப் பொருளைச் சுட்டுகின்றது என்பதற்கேற்ப அதன் நிறம் மாறுகின்றது. செயற்கூறுக்கு ஒரு நிறம், மக்ரோவுக்கு இன்னொன்று. பொருளுணர்த்தும் முயற்சி என்ற வகையில் இது பாராட்டத்தக்கதே. ஆனால் ஒளித்தோற்றத்தில் 'ட்ரெயிட்' எனப்படும் வகைக்கு ஊதாச் சாயலை அது வழங்கியிருப்பதால், ஊதா என்றால் பார்த்தது என நீண்டகாலமாகப் பழகிய கண் ஒருகணம் தடுமாறுகின்றது. இதற்கு மாறாக, பைதன் மொழியின் ஆவணத் தளம் தோற்றத் தெரிவையும் அளித்து, பார்த்த இணைப்புக்கு வேறு நிறத்தையும் பேணுகின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அதுவே சான்று.

பார்த்த இணைப்பின் நிறத்தை மாற்றாதிருத்தல் வாசகனைத் திசைதடுமாறச் செய்யும் என்பதைப் பயன்பாட்டியல் ஆய்வாளர் ஜாக்கொப் நீல்சன் 2004ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தினார். ஆயினும் பழைய நீலத்துக்கும் ஊதாவுக்கும் திரும்பிச் செல்வதே தீர்வு எனக் கூறுதல் பொருந்தாது. உலாவிகளின் இயல்பு நிறங்களை எண்களாற் சோதித்துப் பார்க்கலாம். பாராத இணைப்பின் நிறம் சிவப்பு 0, பச்சை 0, நீலம் 238. பார்த்த இணைப்பின் நிறம் சிவப்பு 85, பச்சை 26, நீலம் 139. வெள்ளைப் பின்னணியில் இவற்றின் ஒளிர்வு வேறுபாடு முறையே 9.4க்கு 1, 11க்கு 1 ஆகும். இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்கு வேண்டுவது 4.5க்கு 1 மட்டுமே. ஆகவே படிப்பதற்கு இடரில்லை. ஆனால் இயல்பான நீலத்துக்கும் அதனைச் சூழ்ந்த கறுப்பு எழுத்துக்கும் இடையிலான வேறுபாடு 2.2க்கு 1 அளவே. அடிக்கோடின்றி நிறத்தால் மட்டும் இணைப்பைக் காட்டுவதாயின் 3க்கு 1 தேவை என்பதே அவ்வழிகாட்டியைச் சார்ந்த நுட்பக் குறிப்பின் அளவுகோல். அடிக்கோட்டை அழகின் பெயரால் அகற்றிவிட்டுப் பழைய நீலத்தை மட்டும் வைத்திருப்போர் இதனைக் கருதவேண்டும். இனி நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையிலான வேறுபாடோ 1.2க்கு 1 என்ற அளவைக்கூட எட்டுவதில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே கருமையுடையன. சிவப்பின் கலப்பே அவற்றைப் பிரிக்கின்றது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களுள் ஏறத்தாழப் பன்னிருவரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உண்டு. அவர்களுட் பலருக்கு இப்பிரிவு மங்கிவிடுகின்றது.

இங்கே எதிர்பாராத சிக்கலொன்றும் உண்டு. பார்த்த இணைப்பின் பாணியை வேவுபார்த்து, வாசகன் எத்தளங்களுக்குச் சென்றான் என அறியும் தந்திரத்தைச் சில தளங்கள் கையாளக்கூடியனவாக இருந்தன. இதனைத் தடுக்க மொசில்லா நிறுவனத்தின் டேவிட் பேரன் 2010இல் முன்வைத்த தீர்வை ஏனைய உலாவிகளும் பின்பற்றின. அதன்படி, பார்த்த இணைப்பில் நிறங்களை மட்டுமே மாற்றலாம். எழுத்தின் தடிப்பையோ அளவையோ மாற்றமுடியாது. வாசகனின் அந்தரங்கத்தைக் காத்த இவ்வேற்பாடு, நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி உணர்த்தலாகாது என்னும் அணுகல் நெறியோடு முரண்படுவதாகத் தோன்றும். எனினும் வழி முற்றாக அடைபடவில்லை. நிறத்தின் சாயலை மாத்திரமன்றி அதன் ஒளிர்வையும் மாற்றலாம். அடிக்கோட்டின் நிறத்தைத் தனியே மாற்றவும் அவ்வேற்பாடு இடமளிக்கின்றது. பாராத இணைப்புக்கு அழுத்தமான அடிக்கோடும் பார்த்த இணைப்புக்கு மங்கிய அடிக்கோடும் அமையுமாயின், நிறம் பிரித்தறியாத கண்ணும் இரண்டையும் வேறுபடுத்தும். தடை எஞ்சியிருப்பது நுட்பத்திலன்று, அக்கறையிலேயே.

பெரும்பாலான வாசகர்கள் எதனையும் மாற்றுவதில்லை; அவ்வாறிருக்க, சிலருக்காக இத்தனை ஏற்பாடுகள் எதற்கு என்று வினவலாம். வாசகன் தன் நிறங்களைத் திணித்தால் வடிவமைப்புச் சிதைந்துவிடும் என்று வாதிடுவோரும் உளர். இவை புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. இருள்தோற்றத்தில் கரிய எழுத்தை வலிந்து புகுத்தினால் பக்கமே மறைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் சிலர் மட்டுமே பயன்படுத்தும் உரிமை என்பதனால் அது சிறிய உரிமையாகிவிடாது. பார்வை மங்கிய மாணவனுக்குத் தன் கண்ணுக்கேற்ற நிறமே கல்விக்கான வாயிலாகும். அவனுடைய கண்ணை அவனே அறிவான். ஐந்து தோற்றங்களை அழகுற வகுத்த வடிவமைப்பாளர் அறியார். வடிவமைப்பாளர் வகுத்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிதல் வேறு. தன் விருப்பத்தைத் தானே சொல்லுதல் வேறு. மேலும், ஒரு தளத்திற் செய்த தெரிவு மற்றொரு தளத்துக்குச் செல்வதில்லை. ஒவ்வொரு வாயிலிலும் அதே வேண்டுகோளை மீண்டும் மீண்டும் விடுக்கவேண்டிய நிலையைச் சுதந்திரம் என அழைத்தல் பொருந்துமா?

இவ்வகையில் விக்கிப்பீடியாவின் ஏற்பாடு ஒப்புநோக்கத்தக்கது. பதிவுசெய்த பயனர் பல தோற்றங்களுள் ஒன்றைத் தெரிவதோடு, இணைப்புகளுக்கு அடிக்கோடு எப்போதும் வேண்டுமா, வேண்டாமா எனத் தனியே குறிப்பிடலாம். தமக்கென ஒரு பாணித்தாளைத் தம் பெயரிலேயே எழுதிவைக்கவும் செய்யலாம். 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவிலும் இவ்வசதி உண்டு. ஆயினும் அங்கும் குறையில்லாமலில்லை. எழுதப்பட்ட கட்டுரைக்கு நீலம், எழுதப்படாததற்குச் சிவப்பு என்னும் பிரிவு, தொடக்கநிலைத் தோற்றத்தில் நிறத்தையே பெரிதும் நம்பியுள்ளது. தனிப் பாணித்தாள் எழுதும் உரிமையும் பதிவுசெய்யாத வாசகனுக்குக் கிட்டுவதில்லை.

தமிழில் ஆவணம் எழுதுவோர் சிந்திக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. அடிக்கோடு, எழுத்துக்குக் கீழே இறங்கும் கீற்றுகளை ஊடறுத்துச் செல்லும். 'மு', 'ழு', 'ஞ' போன்றவற்றில் அக்கீற்றுகளே எழுத்தை அடையாளங்காட்டுவன. தமிழுக்கு அடிக்கோடு ஒவ்வாது என்ற முடிவுக்கு இதனைக் காரணமாக்குவது எளிது. ஆனால் அது தவறு. கோட்டை எழுத்திலிருந்து விலக்கி வைக்கவும், கீற்றுகளைத் தவிர்த்து வரையவும் இடந்தரும் விதிகளை முக்கிய உலாவிகள் யாவும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அவற்றைப் பயன்படுத்தித் தமிழ்க் கண்ணுக்கேற்ற அடிக்கோட்டை அமைத்தல் நம்முடைய பணியாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, ஓர் ஆவணத் தளத்தை மதிப்பிடும்போது அது எத்தனை தோற்றங்களைத் தருகின்றது என்று கேட்பதிற் பெரும்பயனில்லை. இணைப்பு இணைப்பெனத் தெரிகின்றதா? சென்ற வழியும் செல்லாத வழியும் வேறுபடுகின்றனவா? நிறம் அறியாத கண்ணுக்கும் அவ்வேறுபாடு புலப்படுகின்றதா? இவை அனைத்துக்கும் மேலாக, வாசகன் தன் நிறத்தைத் தானே விதிக்க முன்வரும்போது பக்கம் அவனுக்கு விட்டுக்கொடுக்கின்றதா? இந்நான்கு வினாக்களுமே உரிய அளவுகோல்கள். 1998இல் நியமம் வாசகனுக்கு வழங்கிய இறுதிச் சொல்லை மீட்டுக்கொடுக்கும் பொறுப்பு உலாவிகளைச் செய்வோருக்கும் ஆவணங்களை எழுதுவோருக்கும் உரியது. அவ்விருசாரார் வரிசையிலும் நாளை நம் மாணவர் பலர் சேரவிருக்கின்றனர் என்பதனாலேயே இவ்விடயம் இங்கு எடுத்துப் பேசப்பட்டது.