இணையக் கடைகளின் எழுத்தும் சப்ரகமுவத் தேயிலையும்

விளம்பர வாசகங்களை விமர்சனத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்துவது தமிழ்ச் சூழலில் நெடுங்கால வழக்கம். ஆயினும் ஒரு நாட்டின் விளைபொருள் உலகின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுகின்றது என்பதை இன்று பெருமளவில் நிர்ணயிப்பவை இணையக் கடையொன்றின் பக்கத்திலுள்ள நூறு, இருநூறு சொற்களே. அச்சொற்கள் யாரை நோக்கி எழுதப்படுகின்றன, எவற்றைக் கூறுகின்றன, எவற்றைக் கூறாது விடுகின்றன என்பன விமர்சனத்திற்குரிய வினாக்களாகும். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தின் தேயிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை ஆராய்வது பயனுடையது.

இணையக் கடைக்கு வீதியோரம் என்பது இல்லை. வாங்குபவர் தேடுபொறியில் சில சொற்களைத் தட்டுகிறார். முதற் சில விடைகளுக்குள் தோன்றாத கடை பூட்டிய கடையாகவே அவருக்குப் படும். 1998இல் கூகுள் நிறுவனம் தோன்றியபோது, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை இணைப்புகளால் சுட்டுகின்றன என்பதை அதன் தகுதிக்கு முக்கிய அளவுகோலாகக் கொண்டது. வணிகர் சிலர் இணைப்புகளை விலைக்கு வாங்கினர். ஒரே சொல்லைப் பக்கம் முழுதும் நிரப்பினர். பொறியும் தன் அளவுகோலைத் திருத்திக்கொண்டே வந்தது. பக்கத்தின் மறைகுறிப்பில் அடுக்கப்படும் திறவுச்சொற்களைத் தரவரிசைக்குக் கருத்திற் கொள்வதில்லை என 2009இல் அந்நிறுவனம் அறிவித்தது. 2011இல் செய்த மாற்றம் உள்ளீடற்ற பக்கங்களையும் படியெடுத்த பக்கங்களையும் பின்தள்ளியது. 2022 டிசெம்பரில், தேடல் விடைகளை மதிப்பிடுவோருக்கான வழிகாட்டியில், எழுதியவரின் நேரடி அனுபவமும் ஓர் அளவையாகச் சேர்க்கப்பட்டது.

இவற்றோடு கடையமைப்பின் இலக்கணம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பக்கமும் தெளிவான தலைப்பும் வேண்டும். பக்கம் கைத்தொலைபேசியில் விரைந்து திறக்க வேண்டும். படத்துக்கு விளக்கச் சொல் இருக்க வேண்டும். விலை, இருப்பு முதலியவற்றைப் பொறி பிரித்தறியும் வகையில் குறித்தல் வேண்டும். இலக்கணம் பிழையற்றிருப்பதனால் மட்டும் எழுத்து சிறப்பதில்லை. இவ்வொழுங்குகளை எல்லாரும் கைக்கொண்ட பின்னர் ஒரு கடையை மற்றொன்றினின்று வேறுபடுத்துவது பக்கத்தின் பொருளடக்கமே. பெரும்பாலான தேயிலைக் கடைகள் வறுமையுற்று நிற்பது இவ்விடத்திலேதான்.

இலங்கைத் தேயிலைச் சபை தேயிலை விளையும் பிரதேசங்களை ஏழாக வகுத்துள்ளது. நுவரெலியா, டிம்புள்ள, ஊவா என்பன புகழ்பெற்ற பெயர்கள். சப்ரகமுவ அவற்றினும் குறைவாக அறியப்பட்டது. இங்கு விளைவது பெரும்பாலும் தாழ்நிலத் தேயிலை. 2,000 அடிக்குக் கீழ் விளைவதையே அவ்வாறு வழங்குவர். வெப்பமும் மிகுமழையும் கொழுந்தை விரைந்து வளர்க்கின்றன. பதப்படுத்திய இலை கருமையாயும் நீண்டு முறுக்குண்டும் இருக்கும். சாயம் அடர்த்தியானது, சுவை திண்ணியது. மேற்காசிய நாடுகளில் இத்தகைய முழுவிலைத் தரங்களுக்கு விருப்பம் மிகுதி. மெல்லிய சாயமும் நறுமணமும் கொண்ட நுவரெலியாத் தேயிலையினின்று இது முற்றிலும் வேறான பண்புடையது.

இவ்வேறுபாட்டைக் கடைப்பக்கங்களிற் காண்பது அரிது. பனி படர்ந்த மலை, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தோட்டம், இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்னும் வருணனையே எல்லாத் தேயிலைக்கும் ஒட்டப்படுகின்றது. லூல்கந்துரை கண்டி மாவட்டத்தது, பனிமலை நுவரெலியாவினது. எஹெலியகொடையிலோ ருவான்வெல்லையிலோ விளைந்த இலைக்கு இவ்வருணனை இரவல் உடையேயாகும். இரத்தினபுரி மாவட்டத்தின் நியூ விதானகந்தைத் தேயிலை உலகறிந்த தாழ்நிலத் தேயிலைகளுள் ஒன்று. அதனையும் அயல்நாட்டுக் கடைகள் சில ருகுணுப் பிரதேசத்தது என எழுதுகின்றன. படியெடுக்கும் பழக்கம் இடத்தின் பெயரையே அழித்துவிடுகின்றது. வணிக நோக்கிலும் இது நட்டமே: ஒரே வாசகம் பல பக்கங்களில் இருப்பின், பொறி அவற்றுள் ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை ஒதுக்கிவிடும்.

தேடுவோரின் சொல் எது என்பதும் சிக்கலானதே. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னரும் தேயிலை வாணிபம் 'சிலோன்' என்னும் பெயரைக் கைவிடவில்லை. வாங்குவோர் தட்டும் சொல்லும் அதுவே. 'சிலோன் தேயிலை' என்று மட்டும் எழுதும் கடை எண்ணற்ற கடைகளுக்குள் மூழ்கும். 'சப்ரகமுவ' என்று மட்டும் எழுதும் கடையைத் தேடி வருவோர் சிலரே. தமிழிலோ இப்பெயர் சப்ரகமுவ, சப்பிரகமுவ, சபரகமுவ எனப் பலவாறு எழுதப்படுகின்றது. அறிந்த சொல்லை வாயிலாக வைத்து, அறியாத சொல்லை உள்ளே விளக்குவதே தக்க முறை. பிரதேசம், தொழிற்சாலை, தரம், ஊற்றும் முறை ஆகியவற்றை ஒவ்வொரு பக்கமும் கூறுமாயின் தேடுபவர் வினாவுக்கு விடையும் இலைக்கு முகவரியும் ஒருங்கே கிடைக்கும்.

இவ்வளவு கூறிய பின்னரும் எஞ்சும் ஒரு மௌனம் உண்டு. பெரும்பாலான கடைகளிற் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் படம் இருக்கின்றது. அதன் விளக்கச் சொல் 'தேயிலை பறிக்கும் பெண்' என்பதோடு முடிகின்றது. சிறு நிலவுடைமையாளர் தொழிற்சாலைக்கு வழங்கும் கொழுந்திலும் பறித்தவர் அடையாளம் இல்லை. தோட்டத் தமிழரோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பெரும்பாலும் குடியுரிமையற்றவராகி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதன் தழும்பைச் சுமந்தவர்கள். அரசின் பதிவேட்டிற் பெயரற்றிருந்தவர்கள் இணையத்தின் பதிவேட்டிலும் படமாக மட்டுமே நிற்கின்றனர். தோட்டத்துத் தமிழில் 'ஸ்டோர்' என்றால் கொழுந்து பதமாகும் தொழிற்சாலை. இணையத்தில் அதே சொல் விற்பனைக் கடை. முதல் ஸ்டோரின் அறிவு இரண்டாவதில் ஏறவில்லை. எது முற்றிய இலை, மழைநாட் கொழுந்து எவ்வளவு நேரம் வாட வேண்டும், எந்நிறத்தில் நொதித்தலை நிறுத்துவது என்பவற்றைக் கைப்பழக்கத்தால் அறிந்தோர் அங்குள்ளனர். பொறி இன்று வேண்டும் நேரடி அனுபவம் என்பது இதுவேயன்றோ?

வாங்குபவர் தேயிலையைத் தேடுகிறாரேயன்றிச் சமூக வரலாற்றைத் தேடவில்லை என மறுப்புரைக்கலாம். அம்மறுப்பு ஓரளவு நியாயமானதே. துயரத்தை அலங்காரமாக விற்கும் பக்கம் மௌனத்தினும் கீழானது. ஆனால் ஒருவரின் இசைவுடன் அவர் தொழிலறிவை அவர் பெயரிற் கூறுவது துயரத்தை விற்பதாகாது. மற்றொரு வரம்பும் மனங்கொள்ளத்தக்கது. இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தின் வழியாகவே விற்கப்படுகின்றது. அழகிய பொதியினால் ஏறும் விலை ஏலத்துக்குப் பின்னர் ஏறும் விலை. கடை முதலிடத்துக்கு வந்தாலும் அவ்வேற்றம் பறித்தவர் கூலியிற் தானாகச் சேராது. எழுத்தினால் மட்டும் அதனை மாற்ற இயலாது.

எனினும் எழுத்தினால் இயல்வதொன்று உண்டு. இலை எங்கு விளைந்தது, யார் கையாற் பதமானது என்னும் வினாக்களை வாங்குவோரின் நாவிற்கு அதனாற் கொண்டுவர முடியும். தேடுபொறி கேட்கப்படும் வினாவுக்கே விடை தரும். கேட்கப்படாத வினா அதன் கணக்கில் இல்லை. சப்ரகமுவத் தேயிலைக்கு நல்ல கடைப்பக்கம் எழுதுவோர் அவ்வினாவையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். அதன் தமிழ் வடிவத்தைத் தோட்டத்துப் பிள்ளைகளே எழுதுவராயின் அப்பணி மேலும் சிறக்கும்.