கொரிந்தியர் முதல் திருமுகத்தின் நன்றியுரை

கி.பி. 50களின் நடுப்பகுதியில் பவுல் எபேசுவிலிருந்து கொரிந்து சபைக்கு வரைந்த இத்திருமுகம், அச்சபையின் பிளவுகளைக் கடிந்துரைப்பது. எனினும் அது நன்றியுரையோடு (1:4-9) தொடங்குகின்றது. கலாத்தியருக்கு எழுதியபோது அவர் நன்றியுரையைத் தவிர்த்துள்ளமையை நோக்க, இதனை வெறும் மடல் மரபு எனக் கொள்ளவியலாது.

நன்றி சபையாருக்கன்றி இறைவனுக்கே கூறப்படுகின்றது. சபையாரின் பேச்சாற்றலையும் அறிவையும் இங்குப் போற்றும் பவுல், பின்னர் இடித்துரைப்பது அவற்றால் விளைந்த செருக்கையே. பிறர்பால் உள்ள கொடையை மறுக்காது, அது யாருடையது என்பதை மட்டும் திருத்துவதே இப்பகுதியின் உத்தி எனலாம்.

கிரேக்கத்தில் நன்றிகூறலைக் குறிக்கும் ‘யூகரிஸ்தேயோ’, அருளைக் குறிக்கும் ‘காரிஸ்’, கொடையைக் குறிக்கும் ‘காரிஸ்மா’ ஆகியன ஒருவேர்ச் சொற்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவற்றை முறையே ஸ்தோத்திரித்தல், கிருபை, வரம் எனத் தருகின்றது. இதனால் வேருறவு மறைகின்றது. மேலும், தமிழ் வழக்கில் வரம் பெரும்பாலும் தவத்தால் பெறுவது. பவுல் கூறுவதோ தகுதி நோக்காது வழங்கப்பெறுவது. ஈட்டியதாயின் உடையாரைப் புகழலாம். வழங்கப்பெற்றதாயின் வழங்கியவர்க்கே நன்றி உரியது. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி, நன்றியுரையும் பின்வரும் கண்டனமும் ஒரே வாதத்தின் இரு கூறுகள் என்பது விளங்காது.